தரையை முதலில் வாங்கு

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா நலம். பெரியம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு மழை கூடிக் குறைகிறது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்களும் வந்தன. பதிலை அதிலேயே தட்டி அனுப்பியிருக்கலாம். விஷயம் பெரிது, என் விரலும் தடிமன். அதனால் கடிதம்.

முதல் படம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கொட்டகை, ஆன்லைனில் வருவது. இரண்டாவது பச்சைத் தகடு, பெட்டியில் வந்து நாமே முடுக்கிக்கொள்வது. மூன்றாவது தஞ்சோங் காராங் வெல்டிங் கடைக்காரர் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்த கணக்கு. எதை வாங்கலாம் என்று கேட்கிறாய். மூன்றிலும் சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, விலையும் இருக்கிறது. தரை எதிலும் இல்லை. தோட்டத்து ஸ்டோரில் கிராணியாக உட்கார்ந்து தலை நரைத்தவன் நான். என் கண் முன்னால் வீணான சாமான்களில் பாதிக்கு மேல் கூரை ஒழுகி வீணானவை அல்ல. அடியிலிருந்து ஏறிய ஈரம் தின்றவை. ஆகவே உன் பணத்தில் முதல் பங்கைத் தரைக்கு ஒதுக்கு. மிச்சத்தில் எந்தச் சுவர் கட்டுப்படியாகிறதோ அதை வாங்கிக்கொள்.

நீங்கள் வீடு வாங்கியிருக்கும் மண் எப்படிப்பட்டது என்று யோசித்தாயா? சுங்கை புரோங் பிறவியிலேயே சதுப்பு. 1930-களில் வெள்ளைக்காரன் காலத்து வடிகால் நீர்ப்பாசன இலாகா காட்டை அழித்து, பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைத் தெங்கி ஆற்றுக்குத் திருப்பி, அங்கிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பக்கம் நெல்வயலானது. சாவா செம்பாடான், சுங்கை புரோங், சிகிஞ்சான், சுங்கை லெமான் என்று பாகம் பாகமாகப் பிரித்த ஏறக்குறைய 20,000 ஹெக்டேர் நிலம் அது. வருஷத்துக்கு இரண்டு போகம், அதாவது வருஷத்தின் பெரும்பகுதி உன் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். மேற்கே கடல், கிழக்கே ராஜா மூசா காட்டுப் பக்கம் தீப்பிடித்தால் வாரக்கணக்கில் புகையும் கரிமண். நடுவில் நீ இருப்பது கடல் விட்டுப்போன களி. மண்வெட்டி இறங்கும் ஆழத்திலேயே ஈரம் தட்டும்.

உன் வீட்டுச் சமையலறைப் பின்வாசலில் படிக்கட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்குமே, கவனித்தாயா? அந்தப் பக்கத்து வீடுகளை முளைக்கட்டை அடித்து அதன்மேல் நிறுத்துவார்கள். வீடு அப்படியே நிற்கும், சுற்றியிருக்கும் முற்றம் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். மாப்பிள்ளை கொட்டகையை வீட்டுச் சுவரோடு ஒட்டிச் சாய்ப்பாக இறக்கலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஒரு சுவர் மிச்சம் என்பது அவர் கணக்கு. வீடு முளையில் நிற்க, கொட்டகை களியில் மிதந்தால் இரண்டும் ஒன்றாக இறங்காது. இணைத்த இடத்தில் விரிசல் விடும், விரிசலில் மழை நுழையும், உன் சமையலறைச் சுவர் பச்சை பூக்கும். தனியாகவே நிற்கட்டும். நடுவில் ஓர் ஆள் நடந்துபோகிற இடம் விடு. சுவரைக் கழுவவும் சாயம் பூசவும் அது வேண்டும்.

தரை போடும் முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை, ஆனால் அவசரக்காரர்கள் கெடுப்பது இதைத்தான். புல்லையும் மேல்மண்ணையும் அரையடி வழித்து எடுக்கச் சொல். வேர் உள்ளே மக்கினால் தரை குழியும். அதற்குப் பதில் கிரஷர் ரன் உடைகல் கொட்டி, தண்ணீர் தெளித்து, இயந்திரம் வைத்து இடிக்க வேண்டும். இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும், காலால் மிதிப்பது போதாது. அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் தாள் விரிக்க வேண்டும். மண்ணின் ஈரம் காங்கிரீட் வழியாக மேலே ஏறாமல் தடுப்பது அதுதான், செலவும் சொற்பம். எனக்குத் தெரிந்த பல கொத்தனார்கள் சொல்லாவிட்டால் போடமாட்டார்கள். பிறகு பி.ஆர்.சி. கம்பி வலை, அதைத் தாளோடு ஒட்டிக் கிடக்கவிடாமல் சின்னக் கற்களில் தூக்கி வைத்து, நான்கு அங்குலக் காங்கிரீட். 10 அடிக்கு 8 அடி தரைக்கு முக்கால் கன மீட்டர்தான் ஆகும். இதற்காகக் காங்கிரீட் லோரி வராது, கலவை இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வீட்டிலேயே கலக்கலாம். தரையின் மேல்மட்டம் முற்றத்தைவிட அரையடியாவது உயரட்டும். கதவுப் பக்கம் ஒரு விரற்கடை சரிவு கொடுங்கள்.

இன்னொரு நுணுக்கம். தரை கொட்டகையைவிட அகலமாக இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அந்த விளிம்பில் சுவரில் வழியும் மழை விழுந்து தங்கி, தகட்டின் அடியில் புகுந்து உள்ளே வரும். தரையும் சுவரும் ஒரே கோட்டில் முடிய வேண்டும், முடிந்தால் சுவர்த் தகடு தரை விளிம்பைத் தாண்டி ஓர் அங்குலம் கீழே தொங்க வேண்டும். அதனால் கொட்டகையைத் தேர்ந்தெடுத்து அளவு கையில் வந்த பிறகுதான் தரை போட முடியும். பணத்தில் தரை முதல், வேலையில் அளவு முதல். குழப்பிக்கொள்ளாதே.

அளவு என்றதும் ஞாபகம் வருகிறது. நீ அனுப்பிய பச்சைத் தகட்டுக் கொட்டகை 8 அடிக்கு 6 அடி என்று போட்டிருக்கிறார்கள். பெட்டியில் வரும் கொட்டகைகளில் சொல்லும் அளவு பெரும்பாலும் கூரையின் விளிம்பிலிருந்து விளிம்பு வரை. உள்ளே அளந்தால் குறையும். அதிலும் நீ நுழைந்து திரும்ப இரண்டரை அடி நடைவழி விட்டால், 48 சதுர அடியில் 20 போய்விட்டது. சாமானுக்கு 28. ஒரு சனிக்கிழமை காலையில், வெயில் ஏறுமுன், உள்ளே வைக்க நினைப்பதை எல்லாம் முற்றத்தில் எடுத்துப் பரப்பு. புல்வெட்டும் இயந்திரம், மருந்துப் பம்பு, ஏணி, தள்ளுவண்டி, உர மூட்டை, பிள்ளைகளின் சைக்கிள், திருவிழாவுக்கு வாங்கிய பெரிய அண்டா எல்லாம். சுற்றிக் கயிறு போட்டு, நடைவழிக்கு இடம் விட்டு அளந்து பார். எனக்குத் தோன்றுவது 10-க்கு 8 வேண்டியிருக்கும். அதற்கு மேல் போகாதே. இடம் இருந்தால் உடைந்த ஃபேன் வந்து குடியேறும், அதைத் தொடர்ந்து உன் அப்பாவின் பழைய டிவி வரும்.

பரப்பும்போது பாதியைத் தூக்கி எறிவாய் என்றும் எதிர்பார்க்கிறேன். லயத்து வீட்டிலிருந்து வந்த குடும்பம் நாம். லயத்தில் வீட்டுக்குப் பின்னால் விறகுக்கும் கோழிக்கும் தகரக் கொட்டகை இருந்தது, கிடைத்த எதையும் வீசமாட்டோம், என்றைக்காவது உதவும் என்று செருகி வைப்போம். தோட்டம் கைமாறி லயம் காலியானபோது அந்தக் கொட்டகைகளிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தவன் நான். பெரும்பாலும் துரு.

கதவைப் பார்க்காமல் எந்தக் கொட்டகைக்கும் பணம் கட்டாதே. உங்கள் மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அகலத்தையும் தள்ளுவண்டியின் அகலத்தையும் அளந்து, அதோடு இரண்டு பக்கமும் விரல் முட்டி இடிக்காத இடம் சேர்த்துக்கொள். பெட்டிக் கொட்டகைகளில் நிலைப்படி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், அதில் வண்டி ஏறுமா பார். மாப்பிள்ளை உயரமானவர், குனிந்து நுழைகிற கொட்டகை வாங்கினால் அவர் நுழையமாட்டார், எல்லாம் வாசலிலேயே குவியும்.

எங்கே வைப்பது? உன் அம்மா ஏற்கெனவே ஆரம்பித்திருப்பாள்: ஈசானிய மூலையில் பாரம் ஏற்றாதே, கன்னி மூலையில் வை. இந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்வதும் மண் சொல்வதும் ஒத்துப்போகின்றன. உன் மனையில் வடகிழக்குதான் பள்ளம், தண்ணீர் அங்கேதான் தேங்கும். தென்மேற்கு மேடு. ஆனால் தென்மேற்கிலிருந்துதான் சுமத்ரா காற்று வரும். விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டிப் படையாக வந்து, அரை மணி நேரம் ஊரையே உலுக்கிவிட்டுப் போகுமே, அதுதான். உனக்கும் கடலுக்கும் நடுவே தடுக்க மலை கிடையாது. ஆகையால் அம்மா சொன்ன மூலையிலேயே வை, கதவை மட்டும் கிழக்குப் பார்த்து வை. மேற்குப் பார்த்த கதவை அந்தக் காற்று திறந்துவிட்டால் உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும். காலிக் கொட்டகையின் எடை காற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான்கு மூலையிலும் நடுவிலும் காங்கிரீட்டில் துளைபோட்டு விரியும் போல்ட்டால் பிடிக்க வேண்டும். பெட்டியோடு வரும் சின்ன ஆணிகளை நம்பாதே.

மனையின் பின்கோட்டைத் தாண்டாதே. உன் வேலிக்கும் தாலி ஆயர் கால்வாய்க்கும் நடுவே பத்தடி வெறும் புல் கிடக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் அங்கே வாழை நட்டிருக்கிறார், நாமும் வைத்தால் என்ன என்று தோன்றும். அது அரசாங்க ஒதுக்கு நிலம். கால்வாய் தூர்வார இயந்திரம் வரும்போது வாழை போனால் குலை போகும், கொட்டகை போனால் உள்ளே இருப்பதும் சேர்ந்து போகும். ஒதுக்கு நிலத்தில் அனுமதியில்லாமல் எதையும் எழுப்புவது தேசிய நிலச் சட்டத்தின்படி குற்றமும்கூட. சொந்த மனைக்குள் வைப்பதற்கும், சிமெண்டு போட்டு நிலையாக நிறுத்துகிறாய் என்றால், கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்துக் கட்டடப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடு. 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் சின்னக் கட்டடம் பெரிய கட்டடம் என்று பார்த்துச் சும்மா விடுவதில்லை. எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளி, வரைபடம் வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும். முகப்பு மேசையில் கேட்டதை மட்டும் நம்பாமல் பதிலை எழுத்தில் வாங்கு. செப்டிக் டேங்க் மூடி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிக் கண்டுபிடி. அதன்மேல் தரை போட்டுவிட்டுப் பிறகு உடைத்தவர்கள் தஞ்சோங் காராங்கில் உண்டு.

இப்போது சுவருக்கு வருகிறேன். பிளாஸ்டிக் கொட்டகை துருப்பிடிக்காது, கரையான் தொடாது, கடற்காற்றுக்கு அஞ்சாது. உங்கள் ஊருக்கு அது ஒரு பெரிய வரம்தான். ஆனால் நம் வெயிலில் நாலைந்து வருஷத்தில் மலிவான பிளாஸ்டிக் வெளுத்து, தட்டினால் நொறுங்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் கலவை சேர்த்திருக்கிறதா, எத்தனை வருஷ உத்தரவாதம், அந்த உத்தரவாதம் மலேசியாவில் செல்லுமா என்று கேள். நீ அனுப்பிய விளம்பரத்தில் கூரை இத்தனை கிலோ பனியைத் தாங்கும் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். படித்துவிட்டு நானும் பெரியம்மாவும் சிரித்தோம். எந்த வேகக் காற்றைத் தாங்கும் என்று ஒரு வரி இல்லை. பிளாஸ்டிக்கில் இன்னொரு குறை, சுவரில் அலமாரி மாட்ட முடியாது, பாரம் தாங்காது.

பெட்டியில் வரும் பச்சைத் தகட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தகடு மெல்லிசு, அழுத்தினால் உள்ளே போய் வெளியே வரும். கூரைச் சரிவு குறைவு, முன்தள்ளிய விளிம்பு கிடையாது. குளிர் நாட்டில் மெதுவாகத் தூறும் மழைக்கு அது போதும். இங்கே மழை சாய்ந்தல்லவா அடிக்கிறது.

மரக் கொட்டகை அழகு. செங்கால் மரத்தில் செய்தால் உன் பேரப்பிள்ளை காலம் வரை நிற்கும், ஆனால் அந்த விலைக்கு ஒரு பழைய கார் வாங்கலாம். மலிவாகக் கிடைக்கும் பேலட் கட்டை, பைன் பலகை எல்லாம் கரையானுக்கு விருந்து. கித்தா (ரப்பர்) மரப் பலகை கிடைக்கிறது, நம் மரம்தானே என்று உன் அப்பா சொல்லக்கூடும். கித்தா மரத்தை அறுத்த சில நாட்களுக்குள் போரான் மருந்தை உள்ளே ஏற்றாவிட்டால் நீலம் பாய்ந்து வண்டு துளைக்கும். மேசை நாற்காலிக்கு அது சரி, வெளியே மழையில் நிற்க லாயக்கில்லை.

ஆக என் ஓட்டு வெல்டிங் கடைக்காரருக்கு. ஆனால் அவர் கொடுத்த காகிதத்தில் "ஸ்டோர், தகரம், கதவு ஒன்று" என்பதையும் விலையையும் தவிர ஒன்றுமில்லை. திரும்பப் போய் எழுதி வாங்க வேண்டியவை இருக்கின்றன. கூரைத் தகடு என்ன கனம் என்று மில்லிமீட்டரில் எழுத வேண்டும். 0.23-க்கும் 0.42-க்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, ஏறி நின்றால் தெரியும். வெறும் துத்தநாகப் பூச்சா, அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சா? கலந்த பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், கடற்காற்றில் நீண்ட நாள் நிற்பது அதுதான். ஆனால் அது ஈரச் சிமெண்டோடு சேராது, காரம் அரித்துவிடும். தகட்டின் அடியைச் சிமெண்டுக்குள் புதைக்கச் சொல்லாதே, புதைக்கவும் விடாதே. சட்டத்துக்கு என்ன குழாய், எத்தனை கனம் என்பதும் காகிதத்தில் வர வேண்டும். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், துரு முதலில் பிடிப்பது அங்கேதான். அந்த இடங்களைத் தேய்த்துத் துத்தநாகச் சாயம் பூசிய பிறகே மேல்சாயம். தகட்டைக் கிரைண்டரில் அறுத்தால் தெறிக்கும் இரும்புப் பொறி தகட்டிலேயே ஒட்டிப் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். கத்தரியால் வெட்டச் சொல். ஸ்க்ரூ ரப்பர் வாஷரோடு வர வேண்டும், கூரையில் அதைத் தகட்டின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் பாதையிலேயே ஓட்டை போட்டது மாதிரி. கூரை நான்கு பக்கமும் ஓரடி வெளியே நீளட்டும்.

வெயில் நேரத்தில் தகரக் கொட்டகைக்குள் நிற்க முடியாது, உனக்கே தெரியும். கூரைக்கு அடியில் பளபளப்பான நுரைத்தாள் ஒட்டச் சொன்னால் சூடும் குறையும், விடியற்காலையில் தகட்டில் வியர்த்துச் சொட்டுவதும் நிற்கும். எதிரெதிர்ச் சுவர்களில் உச்சிக்குப் பக்கத்தில் காற்றுத் துளை வை. கூரைத் தண்ணீருக்குக் கால்வாய் மாட்டினால் சரிவு சரியாக இருக்க வேண்டும். இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதார இலாகா வந்து பார்த்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கம்பவுண்ட் எழுதுவார்கள். கால்வாயே வேண்டாம், தண்ணீர் விழும் இடத்தில் கல் பரப்பிவிடு என்பேன் நான்.

துளை என்றதும் எலி. நெல்வயல் சூழ்ந்த வீட்டில் இதை அலட்சியம் செய்ய முடியாது. அறுவடை இயந்திரம் வயலைக் காலி செய்ததும் அங்கே வாழ்ந்த எலியெல்லாம் நிழல் தேடி வீடுகளுக்கு வரும். விவசாயிகள் வயல் நடுவே கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பாய். கூகை குடியிருக்கத்தான் அது. எலியைப் பிடிக்க விஷத்தைவிட அதை நம்புகிறார்கள். ஆனால் கூகை உன் கொட்டகைக்குள் வராது. காற்றுத் துளைக்கெல்லாம் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை போடு, கதவுக்கும் தரைக்கும் நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதே. கோழித் தீவனத்தைத் தகர டின்னில் மூடி வை. எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். கொட்டகைக்குள் கையை விடுமுன் விளக்கைப் போட்டுப் பார்க்கிற பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு இப்போதே கற்றுக்கொடு. விளக்குக்கு வீட்டிலிருந்து நீட்டிப்பு வயர் இழுக்காதே. உரிமம் உள்ள மின்பணியாளரை வைத்து முறையாகப் போடு, இல்லாவிட்டால் பேட்டரி விளக்கு போதும்.

நீ கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். படங்களோடு நீ அனுப்பிய சாமான் பட்டியலில் "மருந்து, உரம், பெட்ரோல்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். தோட்டத்து ஸ்டோரில் இந்த மூன்றும் ஒரே அறையில் இருந்தால் கிராணியை மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார். களைக்கொல்லிக்குப் பூட்டுப்போட்ட இரும்புப் பெட்டி வேண்டும், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில். லேபிளின் அடியில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும்: கறுப்பும் சிவப்பும் கொடியவை, மஞ்சள் அடுத்தது, நீலமும் வெள்ளையும் அதைவிடக் குறைந்தவை. குறைந்தவை என்றால் குடிக்கலாம் என்று பொருளில்லை. மருந்தை ஒருபோதும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதே. அப்படி ஊற்றி வைத்ததால் போன உயிர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு, பெயர் சொல்ல எனக்கு மனமில்லை. 2002-இல் தெனாகனிதா அமைப்பு மருந்தடிக்கும் தோட்டத்துப் பெண்களைப் பற்றி ஆய்வு வெளியிட்டபோது, மூக்கில் ரத்தமும் தோலில் புண்ணும் பற்றி ஊரார் புதிதாகக் கேட்டதுபோல் பேசினார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு அது தினசரி. பாராகுவாட் களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து நாட்டில் தடை செய்துவிட்டார்கள். உன் அப்பா கொட்டிக் கொடுத்த சாமானில் பழைய போத்தல் ஏதாவது கிடந்தால் தாலி ஆயரில் ஊற்றிவிடாதே, அந்தத் தண்ணீர் அடுத்தவன் நெல்லுக்குப் போகிறது. மூடியை இறுக்கி, தனியே வைத்து, விவசாய இலாகாவில் என்ன செய்வது என்று கேள்.

உரம் இரும்பைத் தின்னும். கோலசிலாங்கூர் மாவட்டத்தில் செம்பனை பழகிய மண் இது. 1917-இல் தென்னமரம் தோட்டத்தில்தான் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். செம்பனைக்குப் பொட்டாஷ் நிறைய வேண்டும். நாம் போடும் சிவப்புப் பொட்டாஷ் பொட்டாசியம் குளோரைடு, கிட்டத்தட்ட உப்பு. ஈரக் காற்றில் அது கசிந்து தகட்டைத் தொட்டால் எந்தப் பூச்சும் நிற்காது. உன் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கும் மூன்று ஏக்கர் செம்பனைக்கு மூட்டை வாங்கினால், கட்டைமேல் அடுக்கு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை, பழைய மூட்டையை முதலில் எடு. பெட்ரோல் உன் கொட்டகைக்கே வேண்டாம். புல்வெட்டும் இயந்திரத்துக்கு வேண்டியதை அன்றன்றைக்குச் சின்ன டின்னில் வாங்கி, மிச்சத்தைப் பைக்கில் ஊற்றிவிடச் சொல் மாப்பிள்ளையிடம். கிணறு கழுவும் குளோரின் தூளும் எண்ணெயும் பக்கத்தில் இருக்கவே கூடாது, தானே பற்றிக்கொள்ளும்.

அலமாரியின் கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொடங்கட்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகு, சிலாங்கூரில் யாரும் இங்கெல்லாம் தண்ணீர் ஏறாது என்று சொல்லத் துணியமாட்டார்கள். தரையில் வைப்பவை நனைந்தாலும் பரவாயில்லாதவையாக இருக்கட்டும்.

பணம். வெல்டிங் கடைக்காரர் பாதியை முன்பணமாகக் கேட்பார். சட்டம் வெல்டாகி நிற்கும்போது ஒரு பங்கு, கூரை ஏறிய பிறகு ஒரு பங்கு, ஒரு மழை பார்த்த பிறகு கடைசிப் பங்கு என்று பேசு. அந்தக் கடைசிப் பங்குக்காகத்தான் அவர் திரும்பி வருவார். ரசீதில் கடையின் எஸ்.எஸ்.எம். நிறுவனப் பதிவு எண் இருக்க வேண்டும். எழுதியது ஒன்று, நிறுத்தியது ஒன்று என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். 50,000 ரிங்கிட் வரை உள்ள வழக்கை அவர்கள் எடுப்பார்கள், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டாம். ஆனால் கையில் காகிதம் வேண்டும். நம்மாட்கள் முகம் பார்த்துப் பேசி முடித்துவிட்டு, பிறகு முகம் சுளித்துக்கொள்வார்கள். அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷர் என்று எனக்குத் தெரியும். நல்ல மனுஷரிடமும் எழுதி வாங்கலாம், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். இதற்காகத் தவணைக்கடன் எடுக்காதே. இந்த வருஷம் தரையை மட்டும் போட்டு வைத்து, மேலே தார்ப்பாய் கட்டி, அடுத்த போனஸில் சுவர் எழுப்பினாலும் குறைச்சலில்லை. காங்கிரீட்டுக்கும் காய நாள் கிடைக்கும். ஆனால் கொட்டகையின் அளவை மட்டும் இப்போதே கடைக்காரரோடு பேசி முடிவு செய்துவிட்டுத் தரை போடு.

கிரஷர் ரன் கொட்டும் நாளைச் சொல்லி அனுப்பு. நான் புக்கிட் ரோத்தானிலிருந்து காலையிலேயே வந்துவிடுகிறேன். இடிக்கிறார்களா, மிதிக்கிறார்களா என்று பார்க்க ஓர் ஆள் நிற்க வேண்டும். இரண்டாம் சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கோயில் கமிட்டிக் கூட்டம் இருக்கிறது. பெரியம்மா உனக்கு முருங்கைக் கீரையும் ஊறுகாயும் கொடுத்துவிடுகிறாளாம், போத்தலைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள்.

அன்புடன்,
உன் பெரியப்பா